மௌனத்துக்குள் இருந்த ள

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

சென்ற கிழமை உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, வீட்டுப் பதிவு புரோகிராமைக் கம்பைல் பண்ணேக்க ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எச்சரிக்கை வருது. ஒரு எழுத்தை மாத்தினாப் போயிடும். எடுத்து விடட்டோ?"

நான் "வேண்டாம், கிடக்கட்டும்" என்றேன். ஏன் என்று கேட்டதற்கும் தலைமன்னார் பஸ் வந்து நின்றதற்கும் சரியாக இருந்தது. ஓடிவிட்டேன். பதில் கடனாக நிற்கிறது. அடுத்த மாதம் இந்தக் கதிரையை விட்டுப் போகிறவன் அதைச் சொல்லாமல் போனால், யாராவது ஒருநாள் அந்த எழுத்தை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அனுபவம் சொல்லும் வயது இதில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் சில கிழமைகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்துகொண்டிருக்கும் தொழிலில் ஒருவன் சீக்கிரமே பழைய ஆளாகிவிடுகிறான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடற்றொழிலாளி. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து குடும்பமாகத் திரும்பி வந்தபோது எங்களுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவர் யாரிடமாவது கொண்டுபோய்த்தான் வாசிப்பித்தார். வாசிப்பவருக்கு எப்போதும் அவசரம். நடுவில் நாலு வரியை விட்டுவிட்டு, "ஒண்டுமில்லை, வழமையான கடிதம்தான்" என்று மடித்துக் கொடுப்பார். அப்பா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, "உண்மையா ஒண்டுமில்லையோடா?" என்று கேட்பார். நான் அப்போது எழுத்துக் கூட்டுகிற வயது. ஒரு எழுத்தையும் விடாமல் வாசிப்பேன். பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.

ஆகவே கம்பைலர் என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் கலந்த மரியாதை. நாம் எழுதும் புரோகிராமை இயந்திரம் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது அதன் வேலை என்று சொல்லித் தந்தார்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் அது வாசிக்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, சலிக்காமல், நான் எத்தனை தரம் கொடுத்தாலும் அத்தனை தரமும் புதிதாக. என் எழுத்தை அப்படி வாசித்த முதல் ஆள் அதுதான்.

அந்த வாசிப்பு பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். முதலில் "நாற்பதாவது வரியில் பிழை" என்று மட்டும் சொல்லியது. பிறகு ஒரு பதிப்பில் பிழையான சொல்லின் கீழே கோடு போட்டுக் காட்டியது. இன்னொரு பதிப்பில், "இப்படி ஒரு பெயர் இல்லை. இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது. அதையா சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்கத் தொடங்கியது. அதைக் கண்ட அன்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு என்ன காட்டுகிறேன் என்று விளங்கவில்லை. "ஆரோ பொறுமைசாலி உள்ளுக்க இருக்கிறான்" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யுத்தம் முடிந்து பத்து வருடம் கடந்தும் நம் மாவட்டத்தில் வீட்டுப் பட்டியல்கள் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்த குடும்பங்களின் விவரங்களைப் பதிந்து, புள்ளி கணக்கிட்டு, முதல் கட்டத்தில் யாருக்கு வீடு என்று வரிசைப்படுத்தும் புரோகிராம் ஒன்றை எழுதும் வேலையை எங்கள் கந்தோருக்கு, இந்த அலுவலகத்துக்கு, தந்தார்கள். அப்போது நாங்கள் மூன்று பேர். பொறுப்பாளர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர். பர்வீன். நான்.

பர்வீன் எருக்கலம்பிட்டிக்காரி. ஆனால் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில், இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பில். என்னைவிட ஒரு வயது மூப்பு. அதைவிடப் பத்து வயது கூடுதலாக என்னை அதட்டுவாள். ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் மூன்று மாதத்தில் நாமே மறந்துபோவோம் என்று, புரோகிராமுக்குள் ஒவ்வொரு விவரத்துக்கும் வைக்கிற பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைப்போம் என்றவளும் அவள்தான். நாங்கள் பாவித்த புரோகிராம் மொழி அதற்கு அப்போதுதான் இடம்கொடுக்கத் தொடங்கியிருந்தது.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி: கணவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இரண்டு பெட்டி. ஒன்றில் அடையாளமிட வேண்டும். முதல் கட்டுப் படிவங்கள் வந்தபோது சில பெண்கள் இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

"மறந்திருப்பினம்," என்றார் சேர். "வெறுமையா இருந்தா 'இருக்கிறார்' எண்டு எடு. புரோகிராம் நிக்கக் கூடாது."

பர்வீன் படிவங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சேர், மத்த இருபத்தாறு கேள்விக்கும் பதில் ஈக்குது. கோழி எத்தனை எண்டுகூட எழுதியிருக்காங்க. இது மட்டும் மறக்குமா?"

"அப்ப 'தெரியாது' எண்டு போடு."

"தெரியாது எண்டு அவங்க சொல்லல்லயே. ஒண்டுமே சொல்லல்ல."

அன்று அவள் புரோகிராமில் ஒரு புதிய பெயரைச் சேர்த்தாள்: மௌனம். ஒரு குடும்பத்துக்கு மௌனம் 'ஆம்' என்று இருந்தால் புரோகிராம் அவர்களுக்குப் புள்ளி போடாது. பெயரை ஒரு தனித்தாளில் அச்சிடும். நம்மில் ஒருவர் அந்த வீட்டுக்கு நேரில் போய்க் கதைக்க வேண்டும். ஒரு இயந்திரத்துக்குள் அப்படி ஒரு பெயரை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. சேர்கூடக் கடைசியில், "சரி, செய்யுங்கோ" என்றார்.

படிவங்களைப் பதியும் திரையை எழுதுவது என் பங்கு. கேள்வி வெறுமையாக இருந்தால் மௌனம் என்பதை 'ஆம்' ஆக்க வேண்டும். ஒரு வரி வேலை.

இங்கே என் பழைய தொழிலைச் சொல்லாமல் கதை விளங்காது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தேன். சனங்களின் மனுக்களை அடித்துக் கொடுக்கும் வேலை. காணி, பிறப்புப் பத்திரம், பிடித்துக்கொண்டு போன மகன், எதுவாக இருந்தாலும் மனு ஒரே சொல்லில்தான் தொடங்கும்: 'கௌரவ'. கௌரவ இன்னார் அவர்கட்கு. என் வாழ்க்கையில் அதிகம் அடித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். பழைய தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்கென்று தனி விசை கிடையாது. கொம்பு, க, பிறகு ள. தாளில் பார்க்க அச்சொட்டாகச் சரியாக இருக்கும். கணினி வந்த பிறகும் அதே ஒழுங்கில்தான் என் விரல்கள் ஓடின.

பர்வீன் விசைப்பலகையில் 'அவ்' என்று ஒலிக்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் அடிப்பாள், அதுவாகத் தமிழாகும். அவளுக்கு உண்மையான ஔகாரக் குறி விழும். எனக்கு விழுந்தது ள.

என் ஒரு வரியை எழுதிக் கம்பைலரிடம் கொடுத்தேன். அது சொன்னது: "மெளனம் என்று ஒரு பெயர் இல்லை. மௌனம் என்று ஒன்று இருக்கிறது. அதையா சொல்ல வந்தீர்கள்?"

நான் சிரித்தேன். தம்பிமாரே, தங்கச்சி, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடும். மேலேயும் அதே சொல், கீழேயும் அதே சொல். "பாவம், எங்கேயோ பிறந்த மெஷின், தமிழ் வாயில் நுழையவில்லை" என்று நினைத்தேன். அது இல்லை என்கிற பெயரை நானே உண்டாக்கிக் கொடுத்தால் வாயை மூடும் அல்லவா? உண்டாக்கிக் கொடுத்தேன். மூடிக்கொண்டது. பர்வீனிடம் சொல்லவும் இல்லை. ஒரு நிமிடக் காரியத்தை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அன்றிலிருந்து எங்கள் புரோகிராமில் இரண்டு மௌனங்கள். என் திரை ஒன்றில் எழுதியது. பர்வீனின் கணக்கு மற்றதை வாசித்தது. அவள் வாசித்ததில் ஒருநாளும் யாரும் ஒன்றும் எழுதவில்லை.

மாதங்கள் போயின. மௌனத் தாள் ஒவ்வொரு முறையும் வெறுமையாக வந்தது. "பாத்தியளே, கிராம சேவகர்மார் திரும்பப் போய்க் கேட்டு நிரப்பிப் போட்டினம்" என்று சேர் சந்தோஷப்பட்டார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வெறுமையான தாளைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. அதுதான் அதன் ஆபத்து.

கடைசிப் பட்டியலை மாவட்டச் செயலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. மாரி தொடங்குமுன் அத்திவாரம் வெட்ட வேண்டும். பிந்தினால் இந்த வருடத்து வீடுகள் வேறு பிரதேசத்துக்குப் போய்விடும் என்று சேருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் மூன்று கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு முந்திய புதன்கிழமை கம்பைலரின் புதிய பதிப்பு வந்தது. அதில் என்ன புதிது என்று அதைச் செய்கிறவர்கள் எழுதும் குறிப்பை நான் பஸ்ஸில் ஒரு வரி விடாமல் வாசிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். வேகம் கூடியிருந்தது. எழுதியதை ஒழுங்காக அடுக்கித் தரும் கருவி இன்னும் திருந்தியிருந்தது. அவற்றுக்கு நடுவே இரண்டே வரி: கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து, உள்ளே வேறாக இருக்கும் பெயர்களை இனிமேல் கம்பைலர் எச்சரிக்கும்.

ஒரு வேலை முடியப்போகும் நேரத்தில் கருவியை மாற்றக் கூடாது. இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் மாற்றவில்லை. ஆனால் ஆசை விடவில்லை. என் லப்டொப்பில் மட்டும் புதிய பதிப்பை வேறாக இறக்கினேன். இணைய டொங்கிளைச் சிக்னலுக்காக ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு மூன்று மணித்தியாலம். பட்டியல் பழைய பதிப்பிலேயே ஓடட்டும், புதிய கம்பைலர் நம் எழுத்தைச் சும்மா ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

வியாழன் காலையில் வாசிக்கக் கொடுத்தேன். நாற்பது எச்சரிக்கைகளுக்கு மேல் கொட்டியது. சேர் என் தோளுக்கு மேலால் பார்த்து முகம் வெளுத்துப் போனார்.

"என்னடாப்பா இது?"

"புதிய பதிப்பு சேர். பெரும்பாலும் சில்லறைப் பிழையள்தான்."

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல். அதின்ர வாயை மூடச் சொல்லு. வெள்ளிக்குப் பிறகு ஆறுதலாக் கேட்பம்."

எச்சரிக்கைகளை மொத்தமாக அடக்கும் வரி ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தெரியும். நான் அதை அடித்தே விட்டேன். ஓட்டுவதற்கு முன், தொங்கிய டொங்கிளுக்கு இரங்கியோ என்னவோ, மேலே உருட்டி ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்தேன். கடிதத்தில் நாலு வரியை விட்டு வாசித்தவர்களின் ஞாபகம் எனக்குள் எப்போதும் இருக்கும். முப்பதுக்கும் மேலே எங்கேயோ அது இருந்தது. ஒரு சொல்லின் கீழ் ஒரு சொல். மௌனம். மெளனம். இரண்டின் கீழும் கோடு. "இவை ஒன்றென்று மயங்கக்கூடிய இரண்டு பெயர்கள்."

ஐந்து நிமிடம் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"பர்வீன், ஒருக்கா இஞ்ச வாங்கோ. இந்த ரெண்டிலயும் என்ன வித்தியாசம்?"

அவள் குனிந்து பார்த்தாள். "இண்டைக்கு விளையாட்டு வேணாம். எனக்கு வேலை ஈக்குது."

"விளையாடேல்ல. மெஷின் வேற வேற எண்டு சொல்லுது."

அவள் விசைப்பலகையை என் பக்கமிருந்து இழுத்தாள். முதல் சொல்லின் கடைசியில் நின்று, அழிக்கும் விசையை ஒவ்வொரு தட்டாகத் தட்டி எண்ணினாள். ஐந்து தட்டில் சொல் காணாமல் போனது. இரண்டாவது சொல். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. திரையில் 'ம' மிஞ்சி நின்றது. ஆறாவது தட்டு.

"யா அல்லாஹ்," என்றாள். "இதுக்குள்ள ஒரு ள ஈக்குது."

என் விரலைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான 'கௌரவ' அடித்த விரல். "அது என்ர ள" என்றேன்.

இரண்டு மௌனங்களையும் ஒன்றாக்க எடுத்தது அரை நிமிடம். மீண்டும் ஓட்டியபோது அச்சுப்பொறி முதன்முறையாக மௌனத் தாளை எழுத்துகளோடு துப்பியது. முப்பத்தொரு பெயர். மௌனம் போய்ச் சேராததால் புரோகிராம் வெறுமையை 'இருக்கிறார்' என்றே எடுத்திருந்தது: அதுவரை எங்கள் கணக்கில் முப்பத்தொரு பெண்களும் கணவர் வீட்டில் இருக்கிறவர்கள். அதனால் புள்ளி குறைந்து, முப்பத்தொரு பேரும் வெட்டுக்கோட்டுக்குக் கீழே.

சேர் கதிரையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து சொன்னார்: "எல்லாருக்கும் 'இறந்துவிட்டார்' எண்டு போடு. புள்ளி வரும். வீடு வரும். ஆருக்கும் நட்டமில்லை."

நான் இப்போதும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் மழையில் நனையக் கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. எனக்கும் விரல் துடித்தது. என் பிழையால் கீழே போனவர்களை என் கையாலேயே மேலே ஏற்றிவிடலாம். முப்பத்தொரு தட்டு.

"ஒரு ஆளிட்டயாவது கேட்டுட்டுச் செய்வம்," என்றாள் பர்வீன்.

தாளில் முதலாவதாக இருந்த பெயர் நறுவிலிக்குளத்துச் செல்வமலர். பின்னேரம் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் நானும் ஸ்கூட்டியில் பர்வீனும் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைத் தாண்டிப் போனோம். சோழகக் காற்று ஆளைத் தள்ளியது. செல்வமலர் அக்கா தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வீட்டுப் பதிவுக் கந்தோர் என்றதும் வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தை நீட்டினேன். "அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதேல்ல. மறந்து போனியளோ எண்டு…"

"மறக்கிறதோ?" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்தது. "எழுதாமத்தான் விட்டனான். சாமான் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சைக்கிளில போனவர். இருக்கிறார் எண்டு எழுதினா, எங்க எண்டு கேப்பியள். இல்லை எண்டு எழுதினா…" மிளகாய்க் கன்றைப் பார்த்தார். "உங்களுக்கு அது ஒரு கோடு தம்பி. எனக்கு அது நான் வைக்கிற கையெழுத்து."

பர்வீன் தணிந்த குரலில் கேட்டாள்: "அக்கா, 'இல்லை' எண்டு போட்டாத்தான் வீடு கிடைக்கும் எண்டால்?"

"அப்பிடிக் கிடைக்கிற வீட்டுக்கு அவர் வந்தா, ஆர்ர வீடெண்டு வருவார்?"

அவரே கேட்டார்: "அப்ப உங்கட மெஷினில இதுக்கு இடமில்லையோ? ரெண்டு பெட்டி மட்டும்தானோ?"

"இருந்தது அக்கா," என்றேன். "இவதான் வைச்சவ. நான் ஒரு எழுத்தால அதைக் குழப்பிப் போட்டன்."

"என்ன எழுத்து?"

ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். ஒன்றில் ஔகாரக் குறி. மற்றதில் ள. அக்கா தலையைச் சரித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுதானே?"

"எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது."

"அப்ப ஆர் கண்டுபிடிச்சது?"

"மெஷின்தான் அக்கா. கம்பைலர் எண்டு சொல்லுறது. புதுசா வந்த பதிப்பு."

அவர் நம்பவில்லை. "மெஷினுக்கு எப்பிடித் தம்பி தமிழ் எழுத்தில மயக்கம் வருமெண்டு தெரியும்? ஆரோ இருந்து சொல்லிக் குடுத்திருக்க வேணும்."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறகு ஆறுதலாகத் தேடிப் பார்த்தேன். உலகத்து எழுத்துகளில் எது எதைப்போலத் தெரியும் என்று ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. கம்பைலர் அதைத்தான் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் நம் ள-வும் ஔகாரக் குறியின் பின்பாதியும் ஒரே வரியில் இருக்கின்றன. நம் ர-வும் துணைக்காலும் இன்னொரு வரியில். யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மேசையில், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதில் ஒருநாள் யாராவது ஏமாறக்கூடும்" என்று நினைத்து எழுதி வைத்திருக்கிறார். இன்னும் சிலர் அதைக் கம்பைலருக்கு வாசிக்கப் பழக்கியிருக்கிறார்கள். நறுவிலிக்குளம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. கடவுள் மன்னிப்பாராக.

திரும்பி வரும்போது தாம்போதியில் கழுதைகள் குறுக்கே நின்றன. அவை விலகும் மட்டும் நின்ற இடத்திலேயே பர்வீன் சொன்னாள்: "முப்பத்தொரு தட்டு தட்டுறதா ஈந்தா நான் நாளைக்கு வரமாட்டன்."

"நான் தட்டமாட்டன்," என்றேன்.

"சேரிட்ட ஆர் சொல்றது?"

"என்ர ள. நான்தான் சொல்ல வேணும்."

சேர் முதலில் கத்தினார். பிறகு கேட்டார். கடைசியில், "அப்ப நீயே மனு எழுது, பழைய தொழில்தானே" என்றார். வெள்ளி காலையில், பிழையைச் சொல்லி, முப்பத்தொரு பேருக்கும் அவகாசம் கேட்டு எழுதினேன். முதல் சொல் கௌரவ. விரல் தன்பாட்டில் கொம்பு, க, ள என்று போனது. நிறுத்தி, அழித்து, உண்மையான ஔகாரக் குறியைத் தேடி எடுத்து வைத்தேன். வாழ்க்கையில் நான் சரியாக அடித்த முதலாவது கௌரவ அதுதான்.

கச்சேரியில் இருந்த பெண் அதிகாரி மனுவை நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து, திரும்பவும் வாசித்தார்.

"ஆர்ர பிழை?"

"என்ர பிழை மிஸ்."

"ஒருதரும் கண்டுபிடிக்கேல்ல. நீர் ஏன் வந்து சொல்லுறீர்?"

"கண்டுபிடிச்சிட்டுது மிஸ்," என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

அவர் பட்டியலை வாங்கி, பன்னிரண்டு மணிக்கு முன்னரே முத்திரை குத்தினார். ஆனால் வீடு கிடைக்கும் கடைசி முப்பத்தொரு வரிகளைப் பென்சிலால் அடைத்தார். "இந்த இடத்தை அடுத்த வெள்ளி மட்டும் வைச்சிருக்கிறன். வீட்டுக்கு வீடு போய் வந்து எனக்குச் சொல்லுங்கோ."

போனோம். முப்பத்தொரு வீடு, ஆறு நாள். பதினொரு பேர் சொன்னார்கள்: சிலர் இருக்கிறார் என்றார்கள், சிலர் அழுதுகொண்டு இல்லை என்றார்கள். மற்றவர்கள் தேத்தண்ணி தந்தார்கள், பிள்ளைகளைக் காட்டினார்கள், அந்தக் கேள்விக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி பர்வீன் அதிகாரியிடம் நேராகவே கேட்டாள்: "மிஸ், இந்த இருபது பேரும் பதில் சொல்ல மாட்டாங்க. தனியாக் குடும்பம் நடத்துறாங்க, அதை நாங்க கண்ணால பாத்தம். மௌனத்துக்கே புள்ளி குடுங்க."

அதிகாரி பென்சிலை எடுத்தார். அடைப்பை அழிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

செல்வமலர் அக்காவின் வீடு அடுத்த வருடம் முடிந்தது. வீட்டைக் கையளிக்கும் படிவத்தோடு நான் போனேன். அதிலும் அதே கேள்வி, அதே இரண்டு பெட்டி. அவர் மற்றதையெல்லாம் நிரப்பி, அந்த இரண்டையும் வெறுமையாக விட்டு, தாளை என் பக்கம் திருப்பி, வெறுமையின் மேல் விரலை வைத்தார்.

"இதைப் பிழையில்லாம அடியும், தம்பி."

ஆகவே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பிழையைத் திருத்திய பிறகு, புரோகிராமின் மூலையில் ஒரு சிறிய கோப்பில் இரண்டு மௌனங்களையும் நான் வேண்டுமென்றே மீண்டும் எழுதி வைத்தேன். எதற்கும் பயன்படாத இரண்டு பெயர்கள். கம்பைலர் வாசிப்பதற்காக மட்டும். அந்த எச்சரிக்கையைத்தான் நீங்கள் எடுத்துவிடட்டுமா என்று கேட்டீர்கள்.

எடுக்க வேண்டாம். புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்த ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், உள்ளே இருக்கும் அந்தப் பொறுமைசாலி இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். உங்கள் வேலையைத் தொடங்கலாம். ஒருநாள் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் திரை வெறுமையாக வந்தால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, நேரில் கேட்க நறுவிலிக்குளத்துக்கு வெளிக்கிடுங்கள்.